பரணில் கிடைத்த பழங்கத்தி: சிவப்பை எடுங்கள், கருப்பை விட்டுவிடுங்கள்

வேலூர், ஆற்காடு, குடியாத்தம், வாணியம்பாடி பக்கத்துப் பழைய வீடுகளில் பரணையோ மரப்பெட்டியையோ ஒழுங்குபடுத்தும்போது ஏதேனும் ஒரு பழைய கத்தி கைக்குக் கிடைப்பது அரிதன்று. பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவிய பேனாக்கத்தி, வெற்றிலைப்பெட்டிக்குள் இருந்த பாக்குவெட்டி, இளநீர் சீவிய வெட்டுக்கத்தி, எப்போதாவது பித்தளைப் பூண் கட்டிய பிடியோடு ஒரு பிச்சுவா என்று அவை பலவகைப்படும். எடுத்தவுடன் அதைப் பளபளக்கச் செய்துவிட வேண்டும் என்ற எண்ணமே பெரும்பாலோருக்கு முதலில் வருகிறது. புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்க்கிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் உப்புத்தாளை எடுக்கிறார்கள். பொறுமையில்லாதவர்கள் வெல்டிங் பட்டறையில் கொடுத்து பஃபிங் சக்கரத்தில் காட்டிவிடுகிறார்கள். கத்தி வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். அதன் மேல் பல பத்தாண்டுகளாகப் படிந்து உறுதிப்பட்ட மேற்பரப்பும், செய்தவரின் முத்திரையும், சுத்தியல் பட்ட தடங்களும் அந்த ஒரு மணி நேரத்தில் போய்விடும். அவற்றைத் திரும்பக் கொண்டுவர எந்த வழியும் கிடையாது. ஆகவே, பழங்கத்தியைச் சுத்தம் செய்வதில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான்.

கருப்பும் சிவப்பும்

பழைய இரும்பின் மேல் இரண்டு விதமான நிறங்கள் இருக்கும். ஒன்று செந்துரு. இரும்பும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து உண்டாகும் இந்தத் துரு பொலபொலவென்று, நுண்துளைகளோடு இருப்பதால், ஈரத்தைத் தன்னுள் உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியிலுள்ள இரும்பை மேலும் மேலும் அரித்துக்கொண்டே போகும். இரும்பாக இருந்தபோது எடுத்துக்கொண்ட இடத்தைவிடத் துருவாக மாறியபின் அதிக இடம் எடுத்துக்கொள்வதால், அது செதில் செதிலாக மேலெழும்பி, கீழே சிறு குழிகளை விட்டுச் செல்லும். மற்றொன்று கரும்படலம். சாம்பல் கலந்த கருப்பாகவோ, நீலம் ஓடிய கருப்பாகவோ, வழவழப்பாக, இரும்போடு இறுகப் பிடித்திருக்கும் இந்தப் படலம் துருவின் வேகத்தைக் குறைக்கும் தன்மையுடையது. கத்தியின் வயதைச் சொல்வதும் இதுவே. பழம்பொருள் அறிந்தவர்கள் ஒரு கத்தியை மதிப்பிடும்போது முதலில் இதைத்தான் பார்ப்பார்கள்.

கருமை எப்படி உண்டாகிறது என்பதை நம் அடுக்களையிலேயே காணலாம். இரும்பு அரிவாள்மனையில் வாழைப்பூவையோ வாழைக்காயையோ நறுக்கினால், சற்று நேரத்தில் அலகும் விரலும் கறுத்துப்போகும். அவற்றிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கருமை அது. ஜவ்வாது மலையில் சேகரிக்கப்படும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை போன்ற நிறம் வருவதற்கும் இதுவே காரணம். பாக்கின் துவர்ப்பு ஆண்டுக்கணக்கில் ஊறிய பாக்குவெட்டியின் வெட்டும் பகுதி கன்னங்கரேலென்று இருப்பதைப் பார்த்து அழுக்கு என்று எண்ணிச் சுரண்டுபவர்கள் உண்டு. தயவுசெய்து சுரண்டாதீர்கள். அந்தப் பாக்குவெட்டி எத்தனை பேருக்குப் பாக்கு சீவிக் கொடுத்தது என்பதற்கு அந்தக் கருமை ஒன்றே சாட்சி.

எது சிவப்பு, எது கருப்பு என்பதில் ஐயம் இருந்தால், வெள்ளைப் பஞ்சில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு, அலகின் ஓரிடத்தில் அழுத்தாமல் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் செங்காவிப் பொடி ஒட்டினால் அங்கே துரு இன்னும் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிறது. சற்றே சாம்பல் நிறம் மட்டும் ஏறினால் அது அழுக்கும் பழைய எண்ணெயும்தான். அந்த இடத்தைத் துடைத்தால் போதும்.

தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதல் வேலையாகக் கத்தியை நல்ல வெளிச்சத்தில் எல்லாப் பக்கங்களிலும் படம் எடுத்து வையுங்கள். பிறகு பூதக்கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913இல். ஆகவே அதற்கு முற்பட்ட கத்தி எதுவாயினும் துருப்பிடிக்கும் எஃகினால் ஆனதே. பிற்காலக் கத்திகளிலும் பல அப்படியே. ஷெஃபீல்டிலிருந்து வந்த மடக்குக் கத்திகள் நம் நாட்டில் ஏராளமாக விற்பனையாயின. அவற்றுள் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் கத்திகளை, அலகின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும் நட்சத்திரமும் சிலுவையும் கொண்டு அடையாளம் காணலாம். இத்தகைய முத்திரைகள் மிக ஆழமில்லாமல் பொறிக்கப்பட்டவை. உப்புத்தாளின் சில இழுப்புகளிலேயே அவை மழுங்கிவிடும்.

உள்ளூர்க் கொல்லர் அடித்த கத்தியாக இருந்தால் முத்திரைக்குப் பதிலாக வேறு தடயங்களைத் தேட வேண்டும். அலகின் முதுகுப் பக்கத்தில் சுத்தியல் விழுந்த தட்டைகள், இரண்டு இரும்புகளைக் காய்ச்சி ஒட்டிய கோடு ஆகியவை அத்தகையவை. மிக அரிதாக, அலகில் நீரலை போன்ற மெல்லிய வரிகள் தெரியலாம். தமிழகம் மூசை எனப்படும் மண்குவளையில் இரும்பை உருக்கி உயர்ந்த எஃகு செய்த நாடு. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும், பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரிலும் அதற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. அவ்வகை எஃகில் தோன்றும் வரிகள் அமிலத்தால் வெளிக்கொணரப்படும் மேற்பரப்புத் தோற்றமாதலால், பாலீஷ் போட்டால் மறைந்துவிடும். வரி இருப்பதாகச் சிறு சந்தேகம் எழுந்தாலும், எண்ணெய்த் துணியால் துடைப்பதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள்.

துருவை எடுக்கும் முறை

தேவைப்படும் பொருள்கள் எல்லாம் வேலூரில் எந்தக் கடைத்தெருவிலும் கிடைப்பவையே: தையல் மெஷின் எண்ணெய், மருந்துக்கடையில் விற்கும் லிக்விட் பாரஃபின், பஞ்சு, துவைத்து மென்மையான பழைய வேட்டித்துணி, மென்மையான பல்துலக்கும் பிரஷ், மூங்கில் குச்சி, தென்னை ஈர்க்குச்சி, கைக்கு மெல்லிய ரப்பர் உறை. வெறுங்கையால் அலகைத் தொடக் கூடாது. வியர்வையிலுள்ள உப்பு பட்ட இடத்தில் சில நாட்களிலேயே விரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்து நிற்பதைக் காணலாம். கூர்முனை இன்னும் உயிரோடிருக்கக்கூடும் என்பதால், அலகின் வெட்டும் ஓரத்தில் மடித்த அட்டையைச் செருகிவைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. துடைக்கும்போது கை எப்போதும் முதுகிலிருந்து வெட்டும் ஓரத்தை நோக்கிப் போக வேண்டும். கூரின் மேலே கை வரக் கூடாது.

முதலில் உலர்ந்த பிரஷால் தூசியைத் தட்டிவிட்டு, அலகின் மேல் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, எண்ணெயில் நனைத்த துணியை அதன் மேல் சுற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். பிடிக்குள் எண்ணெய் இறங்காதிருக்க, முனை சற்றுத் தாழ்ந்திருக்குமாறு கத்தியைச் சாய்த்து வைக்க வேண்டும். துரு முரட்டுத்தனமாக இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் இன்னும் வேகமாக ஊடுருவும். ஆனால் அதைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்கும் இல்லாத பக்கத்தில்தான் பயன்படுத்த வேண்டும்.

மறுநாள் துணியை எடுத்துவிட்டு, ஈர்க்குச்சியின் முனையைச் சாய்வாகச் சீவி, துருவின் ஓரத்தில் தொடங்கி உட்பக்கமாகத் தள்ளுங்கள். எஃகைவிட மென்மையான எதுவும் எஃகைக் கீறாது என்பதே இதிலுள்ள சூத்திரம். எனவே ஈர்க்குச்சிக்கு மசியாத இடத்தில் மூங்கில், அதற்கும் மசியாவிட்டால் பழைய பித்தளைச் சாவியின் ஓரம் என்று படிப்படியாகப் போகலாம். பித்தளை விட்டுச்செல்லும் மஞ்சள் தீற்றல் எண்ணெய்த் துணியில் வந்துவிடும். துருவைத் தேய்க்கும்போது மட்டும் கையின் ஓட்டம் அலகின் நீளவாக்கில் இருக்கட்டும். வட்டமாகத் தேய்த்தால் அந்த வட்டங்கள் வெளிச்சத்தில் என்றென்றைக்கும் தெரியும்.

பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே செய்தால் நடப்பது தெளிவாகத் தெரியும். ஒரு பேனாக்கத்தியின் அடிப்பகுதியில், முத்திரை இருக்குமிடத்தில் மிளகு அளவுக்குத் துருக்கட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். எண்ணெயில் ஊறியதும் அதன் விளிம்பு செங்காவியிலிருந்து காப்பிப்பொடி நிறத்துக்கு மாறி, ஈர்க்குச்சி பட்டதும் சிறு பொறுக்காகப் பெயரும். அதன் அடியில் முதலில் செம்மண் போன்ற குழம்பு தெரியும். அதைப் பஞ்சால் ஒற்றியெடுத்தால் அடியில் கருஞ்சாம்பல் நிறக் குழியும், குழியின் பக்கத்தில் நட்சத்திரத்தின் ஒரு முனையும் தென்படும். அந்தக் கருஞ்சாம்பல் கண்ணுக்குத் தெரிந்த கணத்திலேயே நிறுத்திவிட வேண்டும். குழியை மட்டப்படுத்த வேண்டுமென்று சுற்றியுள்ள இரும்பைத் தேய்த்து இறக்குவது, குழிக்காகக் கத்தியையே பலிகொடுப்பதாகும்.

எதற்கும் மசியாத துரு இருந்தால், கடைசி வழியாக, நான்கு சுழி எண் (0000) கொண்ட, ஸ்டீல் வுல் எனும் மிக நுண்ணிய எஃகு நாரை எண்ணெயில் தோய்த்து, துரு உள்ள இடத்தில் மட்டும் விரல்நுனியால் மெல்லத் தேய்க்கலாம். முத்திரை, எழுத்து, பொன் வெள்ளி வேலைப்பாடு உள்ள இடங்களுக்கு அது கூடாது. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரை எந்த இடத்திலும் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள தேய்ப்புத் துகள்கள் எஃகைக் கீறும். எலுமிச்சை, புளி, வினிகர், கோலா பானம், கடையில் விற்கும் துருநீக்கி அமிலம் ஆகிய யாவும் துருவோடு கரும்படலத்தையும் கரைத்து, அலகைச் செத்த சாம்பல் நிறமாக்கிவிடும். நுண்குழிகளில் தங்கிய அமிலம் பின்னரும் வேலை செய்துகொண்டிருக்கும்.

துரு நீங்கியபின் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அழுக்கெண்ணெயைத் துடைத்து, நிழலில் நன்றாக உலரவிடுங்கள். பழைய வாள்களிலும் பிச்சுவாக்களிலும் அலகின் வால் பிடிக்குள் அரக்கு வைத்து இறுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும், சூடு அதை இளக்கும். ஆகையால் பிடிக்கு அருகே ஸ்பிரிட்டைக் கொண்டுபோகக் கூடாது. வெந்நீரில் கழுவுவதும் கத்திரி வெயிலில் காயவைப்பதும் கூடவே கூடாது.

சாணை பிடிப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாதுகாத்து வைக்கப்போகும் கத்திக்குச் சாணை தேவையே இல்லை. தெருவில் வரும் சாணைக்காரரின் சுழல்கல் அடுக்களைக் கத்திக்கு ஏற்றது. பழங்கத்தியை அதில் காட்டினால் அலகின் வடிவம் மாறுவதோடு, பொறி பறக்கும் சூட்டில் ஓரம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தொட்டு நீலம் பாய்ந்துவிட்டால், எஃகின் பதமும் இறங்கிவிடும். அன்றாடம் பயன்படுத்தும் பழைய அரிவாள்மனையாக இருந்தால், தட்டைச் சாணைக்கல்லில் கையாலேயே நிதானமாகத் தீட்டிக்கொள்ளலாம்.

பிடி

அலகைவிடப் பிடிதான் எளிதில் கெடும். மரப்பிடியை ஈரம் பிழிந்தெடுத்த துணியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, சிறிது மெழுகு பூசினால் போதும். எருமைக் கொம்புப் பிடியில் பூச்சி அரித்த சிறு குழிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கொம்பு பூச்சிகளுக்கு உணவு. எலும்பும் தந்தமும் எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகிவிடும் என்பதால் அவற்றின்மேல் எண்ணெய் படக் கூடாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலின் வறட்சியும், ஐப்பசி மழையின் ஈரமும் மாறி மாறித் தாக்கும்போது தந்தமும் மரமும் சுருங்கி விரிந்து வெடிப்பது இயல்பு. மேற்கூரைக்கு அடியிலுள்ள பரண்தான் வீட்டிலேயே அதிகம் கொதிக்கும் இடமாதலால், பழங்கத்தியைத் திரும்பவும் அங்கே ஏற்றாதீர்கள்.

பித்தளைப் பூணைப் பளபளப்பாக்கும் ஆசைக்கும் அணை போடத்தான் வேண்டும். புளியோ பிராசோ பாலீஷோ போட்டுத் தேய்க்கும்போது அது பூணின் இடுக்கு வழியாக இறங்கி, உள்ளே மறைந்திருக்கும் இரும்பை அரிக்கும். வெளியே பூண் மின்னிக்கொண்டிருக்கையில் உள்ளே வால் இற்றுக்கொண்டிருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் வரும் மங்கிய பொன்னிறமே பழைய பித்தளைக்கு அழகு.

செல்லுலாய்டு பிடி போட்ட பழைய மடக்குக் கத்திகளைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஆமை ஓடு போலவோ முத்துச்சிப்பி போலவோ மின்னும் அந்தப் பழைய பிளாஸ்டிக், வயதாக ஆக அமில ஆவியை வெளியிடும். அதே பெட்டியிலுள்ள மற்றக் கத்திகளும் அந்த ஆவியால் துருப்பிடிக்கும். எளிதில் தீப்பற்றக்கூடியதும் கூட. பிடி நெளிந்து, வெடித்து, நெடி வீசத் தொடங்கினால் அந்தக் கத்தியைப் பிரித்து, காற்றோட்டமான தனி இடத்தில் வையுங்கள்.

எண்ணெயும் மெழுகும்

நம் வீடுகளில் இரும்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுவது வழக்கம். தினமும் புழங்கும் அரிவாள்மனைக்கு அது பொருந்தும், ஏனெனில் அது தினமும் கழுவப்படுகிறது. மாதக்கணக்கில் எடுக்காமல் வைக்கும் கத்திக்குத் தாவர எண்ணெய் எதுவும் ஏற்றதன்று. நாளடைவில் காற்றுப் பட்டுப் பிசுபிசுத்து, பிசினாக இறுகி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெயோ லிக்விட் பாரஃபினோ அப்படிக் கெட்டியாகாது. காய்கறி நறுக்கும் வாய்ப்புள்ள கத்தியென்றால் லிக்விட் பாரஃபினை மட்டுமே பயன்படுத்துங்கள். இரண்டு துளி போதும். தடவியபின் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் படலம் மெல்லியதாக இருக்க வேண்டும். மடக்குக் கத்தியின் கீலில் ஒரு துளி விட்டு, சில முறை திறந்து மூடுங்கள். படீரென்று மூடவிடாமல் விரலால் தாங்கி மூடினால் அலகின் ஓரம் உள்ளே மோதி மழுங்காது.

காட்சிக்கு வைக்கும் கத்திகளுக்கு, அருங்காட்சியகங்களில் புழங்கும் ரெனைசான்ஸ் மெழுகு எண்ணெயைவிடச் சிறந்தது. பட்டாணி அளவு எடுத்து அலகு முழுவதும் மெல்லப் பரப்பி, சற்று உலர்ந்ததும் துணியால் தேய்த்துவிட்டால், தூசி ஒட்டாத, நெடுநாள் நிற்கும் காப்பாக அது அமையும்.

ஆயுத பூஜைக்குப் பின்

நம் பக்கத்தில் பழங்கத்திகள் ஆண்டுதோறும் வெளியே வரும் நாள் ஆயுத பூஜை. அவற்றுக்கு அதிகச் சேதம் நேர்வதும் அன்றுதான். முதல் நாள் கழுவித் தேய்ப்பார்கள். பூஜையன்று சந்தனத்தைக் குழைத்து அலகில் பொட்டிட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமத்தை அதன் மேல் வைத்து, குங்குமம் தடவிய எலுமிச்சை மூடியைப் பக்கத்தில் சாய்த்து, விஜயதசமி கழித்து அப்படியே எடுத்துப் பரணில் வைத்துவிடுவார்கள். ஈரச் சந்தனத்தின் அடியில் நாலைந்து நாளில் துரு தொடங்கிவிடும். அடுத்த ஆண்டு பொட்டைத் துடைத்தால் அதே வட்டத்தில் அலகு குழிந்திருக்கும். பழைய வெட்டுக்கத்திகள் பலவற்றில் முதுகை ஒட்டி வட்டவட்டமாகக் காணப்படும் அரிப்புகள் இவ்வாறு வந்தவையே.

பூஜையைக் கைவிடச் சொல்லும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. கத்தியை மரப்பலகையின் மேல் வாழையிலை விரித்து வைக்காமல், உலர்ந்த துணி விரித்து வைத்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் பலகைக்கு இட்டு, கத்தியின் மேல் ஒரு பூவை மட்டும் வைத்தால் மரபும் நிற்கும், இரும்பும் நிற்கும். பொட்டு இட்டே ஆகவேண்டுமென்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், இட்டுவிட்டு, புனர்பூஜை முடிந்ததும் அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் அதுவே என்பதால், ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டிய முழுப் பராமரிப்பை அந்த வாரத்திலேயே வைத்துக்கொள்வது மிகப் பொருத்தம். பிறகு தை மாதத்தில் மழை ஈரம் அடங்கியதும் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும்.

வைக்கும் இடம்

ஆம்பூரும் இராணிப்பேட்டையும் தோலுக்குப் பெயர்பெற்றவையாதலால், நல்ல தோலுறை தைத்து அதில் கத்தியை வைக்க வேண்டும் என்று இங்குள்ளவர்களுக்குத் தோன்றுவது இயற்கை. உறை கத்தியை எடுத்துச் செல்வதற்கு உரியது. ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதற்கு உரியதன்று. பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் தோலில் எஞ்சியிருக்கும், காற்றின் ஈரத்தையும் தோல் இழுத்துக்கொள்ளும். பழைய உறை இருந்தால் அதைத் தூக்கியெறியாமல், கத்திக்குப் பக்கத்தில் தனியாக வையுங்கள். செய்தித்தாளில் சுற்றுவதும் தவறு; அந்தக் காகிதத்தில் அமிலம் உண்டு. துவைத்து நன்றாகக் காய்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, இரும்புப் பீரோவின் நடுத்தட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, குழந்தைகளுக்கு எட்டாதவாறு பூட்டி வைப்பதே நல்லது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை கவனிக்க வேண்டும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உரியவை தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதச் சட்ட விதிகளின் வரம்புக்குள் வருகின்றன. தந்தப் பிடியை விற்பதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. நூறாண்டு கடந்த கலைப்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொருந்துவதால், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அவற்றைப் பார்சல் அனுப்பக் கூடாது.

அலகு அடுக்கடுக்காகப் பிரிந்துவந்தாலோ, துடைத்த சில நாட்களுக்குள் துருத்துளிகள் மீண்டும் மீண்டும் கசிந்தாலோ, பிடியில் பொன் வெள்ளிக் கம்பி வேலைப்பாடு பெயர்ந்துகொண்டிருந்தாலோ, வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் பழம்பொருள்களுக்கான இரசாயனப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இயங்கிவருகிறது. முன்கூட்டியே தொடர்புகொண்டு, எடுத்துவைத்த படங்களைக் காட்டி ஆலோசனை கேட்கலாம். எடுத்துச் செல்ல நேர்ந்தால் புதிதாக எண்ணெயோ மெழுகோ பூசாமல், உதிர்ந்த பொறுக்குகளையும் ஒரு சிறு காகித உறையில் இட்டு, கத்தியோடு சேர்த்தே கொண்டுசெல்லுங்கள்.